காஃப்காவை யூத எழுத்தாளராக வாசிக்க வேண்டுமா?

கேள்வி:
ஃபிரான்ஸ் காஃப்காவின் ‘விசாரணை’ நாவலை அண்மையில் மறுபடியும் வாசித்தேன். குற்றம் இன்னதென்று அறியாமலே வழக்கில் சிக்கிக்கொள்ளும் யோசஃப் க.-வின் நிலையை இன்று எந்த நாட்டு வாசகருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் ஆய்வாளர்கள் பலர் அவரை முதன்மையாக யூத எழுத்தாளராகவே அணுகுகிறார்கள். நாவல்களின் நாயகர் எவரும் யூதர் என்று குறிப்பிடப்படாத நிலையில், இந்த அணுகுமுறை அவரைக் குறுக்கிவிடாதா?

பதில் 1:
நாவல்களை மட்டும் வைத்துப் பார்த்தால் தங்கள் ஐயம் நியாயமானதே. ஆனால், கூண்டிலிருந்து வெளியேற வேறு வழியில்லாததால் மனிதர்களைப் பார்த்துப் பழகித் தானும் மனிதனைப் போலாகிவிட்ட குரங்கு ஒன்று கல்விக்கழகத்தின் முன் தன் வரலாற்றைச் சொல்லும் கதை, 1917-இல் யூதச் சிந்தனையாளர் மார்ட்டின் பூபர் நடத்திய ‘டெர் யூடெ’ என்ற யூத இதழில்தான் வெளிவந்தது. பெரும்பான்மைச் சமூகத்தோடு கரைந்துபோக முயன்ற யூதர்களின் நிலையை அவ்விதழின் வாசகர்கள் அதில் கண்டிருந்தால் வியப்பதற்கில்லை. அதே வேளையில், அந்தக் கதையையும் உடன் வெளிவந்த மற்றொன்றையும் உருவகக் கதைகள் என்று அழைக்க வேண்டாம், ‘இரண்டு விலங்குக் கதைகள்’ என்றே தலைப்பிடலாம் என்று பூபரிடம் கேட்டுக்கொண்டவரும் காஃப்காதான்.

வாழ்க்கையிலும் இந்த இழுபறி உண்டு. 1911-இல் அவர் வாழ்ந்த பிராகு நகருக்கு வந்த, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் நடித்த நாடகக் குழுவை அவர் பல மாலைகளில் தேடிச் சென்றார். அதன் நடிகர் லோவியுடன் நட்பு கொண்டு தந்தையின் ஏளனத்துக்கு ஆளானார். பிற்காலத்தில் எபிரேயமும் கற்றார். ஆனால் இடையில், 1914-இல், தனக்கும் யூதர்களுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது, தன்னோடே தனக்குப் பொதுவானது ஏதும் இல்லையே என்று நாட்குறிப்பில் எழுதுகிறார். ஆண்டுக்குச் சில நாள் தொழுகைக்கூடத்துக்குப் போய்வருவதையே யூத மரபென்று தந்தை தனக்குக் கையளித்தார் என்பது, 1919-இல் அவருக்கு எழுதி அவர் கையில் சேராமலே போன நீண்ட கடிதத்தின் முக்கியக் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. முழுமையாகக் கிடைக்காத இந்த மரபையே நான் காஃப்காவின் யூத அடையாளம் என்பேன். ‘விசாரணை’யில் சொல்லப்படும் குட்டிக்கதையில், சட்டத்தின் வாயிலில் வாழ்நாள் முழுவதும் காத்திருந்து உள்ளே நுழையாமலே சாகும் நாட்டுப்புறத்தான் அங்கிருந்துதான் வருகிறான்.

பதில் 2:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். காஃப்காவை நாஜிப் படுகொலையை முன்னறிந்த தீர்க்கதரிசியாக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. அவர் 1924-இல் காசநோயால் இறந்தார். அவருடைய மூன்று சகோதரிகளும் பின்னர் கொல்லப்பட்டதன் நிழலை 1914-இல் தொடங்கிய நாவலின் மீது விழச் செய்வது அதை எளிமையாக்கிவிடும். அந்நாவலுக்கு அருகில் இருந்தது அவருடைய அலுவலகம். 1908 முதல் 1922 வரை தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றி, மரம் இழைக்கும் எந்திரங்களில் விரல்கள் துண்டாவதைத் தடுப்பது பற்றி அறிக்கை எழுதியவருக்குக் கோப்புகள் நகரும் விதம் தெரியும். அவர் இன்றும் நம்மோடு பேசுவதற்கு இதுவே பெரிய காரணம். அந்நிறுவனமும் யூதர்களை அரிதாகவே பணியில் சேர்த்தது என்பதால், முதல் பதிலுக்கு இது முற்றிலும் எதிரானதன்று.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. யூத வாழ்வை வெளிப்படையாகவே தொடும் புனைவு ஏதேனும் உண்டா?

பதில் 1:
உண்டு. தொழுகைக்கூடத்தில் வசிக்கும், மரநாய் அளவுள்ள விலங்கைப் பற்றிய முற்றுப்பெறாத சிறு பகுதி ஒன்றை விட்டுச்சென்றிருக்கிறார். பெண்கள் அதைக் கண்டு அஞ்சுகிறார்கள். ஆண்களுக்கோ அது பழகிப்போய்விட்டது. குரங்கின் கதைக்குப் பிறகு அதை வாசியுங்கள்.