மறு: ஹைபர்கரெக்‌ஷனுக்குத் தமிழ்ச்சொல் – என் ஓட்டு ‘திருத்தப்பிழை’க்கு

எல்லாருக்கும் வணக்கம்.

நாம பண்ற பிழைதிருத்திச் செயலியில ஹைபர்கரெக்‌ஷனுக்கு, அதாவது சரியா எழுதணும்னு திருத்தப் போயி அதனாலயே வர்ற பிழைக்கு, என்ன பேர் வைக்கலாம்ங்கிற இழை நீண்டுக்கிட்டே போகுது. மிகைதிருத்தம், மீத்திருத்தம், அதிதிருத்தம், போலித்திருத்தம்னு நாலு சொல் வந்து கிடக்கு, நடுவுல "இணையத்துல தமிழே நாறிக் கிடக்கு, இதுக்கு ஒரு கலைச்சொல் வேற கேடா"ங்கிற தொனியில ஒரு மடலும் வந்துருக்கு. அதுக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன், எதுக்குச் சொல் தேடுறோம்னு தெளிவாகாம எந்தச் சொல்லு நல்லாருக்குன்னு பேசி ஒரு பிரயோசனமும் இல்ல.

> அதற்க்கு, முயற்ச்சி, நட்ப்பு என்று எழுதுகிறவர்களுக்குத் தமிழே தெரியாது. எழுத்துப்பிழை என்று சொன்னால் போதாதா?

போதாதுங்க ஐயா. உங்க கோவம் நியாயம்தான், நானும் மெய்ப்பு பார்த்தே பொழப்பு ஓட்டுறவன், ‘அதற்க்கு’ கண்ணுல பட்டா எனக்கும் பல்லு கூசத்தான் செய்யுது. ஆனா அந்தச் சொல்லைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க. அக்கறையே இல்லாம எழுதுறவன் எழுத்தை விட்டுடுவான், ‘பாத்தேன்’ம்பான், ‘அதுக்கு’ம்பான், ஒற்றுப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டான். ‘அதற்க்கு’ன்னு எழுதுறவன் வேணாத இடத்துல ஒரு க்-ஐ மெனக்கெட்டு டைப் பண்றான். சோம்பேறி எவனாவது கூடுதலா ஒரு எழுத்து அடிப்பானா?

அவன் ஏன் அடிக்கிறான்னா, ர்-க்கும் ற்-க்கும் இருந்த வித்தியாசம் நம்ம பேச்சுல பெரும்பாலும் போயாச்சு, காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். பார்க்க, சேர்க்கை, வாழ்க்கை, வாய்க்கால்னு கண்ணு பழகியிருக்கு. ய், ர், ழ் இந்த மூணுக்குப் பின்னாடியும் இன்னொரு மெய் ஒட்டி நிக்கலாம்னு தொல்காப்பியமே சொல்லுது. அதோட எனக்கு, உனக்கு, அவர்களுக்குன்னு பார்க்கிற இடத்துல எல்லாம் ‘க்கு’. இந்த ரெண்டு பழக்கத்தையும் கூட்டி ‘அதற்’ பக்கத்துல ‘க்கு’வைக் கொண்டுபோய் வச்சா அவன் கணக்குப்படி அது ரொம்ப ஒழுங்கான தமிழ். ட், ற் ரெண்டும் வல்லினம், அதுக்கு அடுத்து இன்னொரு ஒற்று வராதுங்கிற அந்த ஒரே ஒரு வரியை மட்டும் அவனுக்கு யாரும் சொல்லித் தரல. முயற்ச்சி, பயிற்ச்சி, கற்ப்பனை, நட்ப்பு, கேட்க்க, வெட்க்கம் எல்லாமே ஒரே குடும்பம், அந்த ஒரு வரியில மொத்தக் குடும்பமும் அடங்கிடும். பள்ளிக்கூடத்துல வேற விட்டுப்போன ஒற்றுக்குத்தான் சிவப்பு மையில வட்டம் விழும், கூடிப்போன ஒற்று பல வாத்தியார் கண்ணுல படவே படாது, அப்ப புள்ள என்ன கத்துக்கும், சந்தேகம் வந்தா ஒண்ணைப் போட்டு வைன்னுதான் கத்துக்கும்.

இதை விடத் தெளிவான கேஸ் ‘சுவற்றில்’. பேச்சுல கிணத்துல, வயித்துல, சோத்துல. எழுதுனா கிணற்றில், வயிற்றில், சோற்றில். இந்த ‘த்து’ எல்லாம் எழுத்துல ‘ற்று’ ஆகும்னு நமக்கு ரத்தத்துல ஊறியிருக்கு. அதே வாய்ப்பாட்டைச் ‘செவுத்துல’ மேல போட்டுப் பாருங்க, சுவற்றில்னுதான் வந்து நிக்கும். கிணறு மாதிரி அது ‘சுவறு’ இல்ல, சுவர், அதனால சுவரில்னு போதும், ஆனா எழுதுற நேரத்துல இதை யாரு யோசிக்கிறாங்க. தமிழ்நாட்டுல எந்தத் தெருவுல வேணா நடந்து போங்க, ‘இந்தச் சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்’னு பெயிண்ட்ல எழுதியிருக்கும். ‘கோர்த்து’வும் இதே ரூட்டுதான், பாத்து–பார்த்து, சேத்து–சேர்த்து, அப்ப கோத்து–கோர்த்து. ஊசியில நூலைக் கோத்தேன்னு சரியாச் சொல்ற வாயி, எழுத உக்காந்ததும் ஐயய்யோ கொச்சையாச்சேன்னு பயந்து ஒரு ர்-ஐ உள்ள செருகிடுது. வாயில வந்ததுதான் சரி, திருத்துனதுதான் தப்பு. எனக்கு இந்த இழையிலயே முக்கியமான விஷயம் இதுதான்.

இன்னொரு ரகம் இருக்கு, அது பயம் இல்ல, கெத்து. உயிரெழுத்துக்கு முன்னாடி ஓர், மத்ததுக்கு ஒருன்னு சின்ன விதிதான், ஆனா ‘ஓர்’னா கொஞ்சம் ஒசந்த தமிழ்ங்கிற நினைப்புல ‘ஓர் கவிதை’, ‘ஓர் நாள்’, ‘ஓர் வேண்டுகோள்’. ‘அஃது தவறு’ன்னு எழுதுறவரும் இந்தக் கோஷ்டிதான். வாழ்த்துக்கள்–வாழ்த்துகள் சண்டைக்குள்ள நான் வரல, ரெண்டு பக்கமும் பெரிய ஆளுங்க நிக்கிறாங்க, ஆனா க் போட்டா கள்ளு ஆயிடும்னு கேலி பண்ணிப் பண்ணி இப்ப ‘தெருகள்’, ‘பசுகள்’னு எழுதுற ஆளுங்க கிளம்பிட்டாங்க, பூக்களை எப்பப் பூகள் ஆக்கப்போறாங்களோ தெரியல. கேலி பண்ணுனவங்க யாரும் அந்தப் பக்கம் வந்து பார்க்கிறது கிடையாது.

இதுல சேராதது எதுன்னும் சொல்லிடணும். நினைவுகூர்ந்தார்ங்கிறது ‘நினைவு கூறினார்’னு ஆகுது பாருங்க, அங்க கூர்ங்கிற வினையே ஆளுக்குத் தெரியாம தெரிஞ்ச வினையைத் தூக்கிப் போட்டுக்கிறாங்க, அது அறியாமை. கை தவறி ந-வுக்கு ன விழுறது தட்டச்சுப்பிழை. கருப்பு–கறுப்பு மாதிரி ரெண்டும் புழங்குறதை நான் பிழைப் பட்டியல்லயே வைக்க மாட்டேன். இதை எல்லாம் ‘எழுத்துப்பிழை’ன்னு ஒரே சாக்குல போட்டுக் கட்டிட்டு மேல உக்காந்து தமிழ் அழியுதுன்னு அழுதா எந்தப் பிழையும் குறையாது.

நாம பண்ற பிழைதிருத்தி விஷயத்துக்கு வரேன். எழுத்துக்கு வாணி, சந்திக்கு நாவின்னு நல்ல கருவிங்க ஏற்கெனவே இருக்கு, அதோட போட்டி போடுறது நம்ம வேலை இல்ல. சிவப்புக் கோட்டைத் தொட்டா ஏன்னு ஒரு வரி சொல்லணும், அந்த வரிக்கு மேல வகைப் பேர் ஒண்ணு வரணும், போன் திரையில ஒரே வரியில அடங்கணும், படிக்கிறவனைத் திட்டக் கூடாது. இந்த நாலுக்கும் எது ஒத்து வருதுன்னு பாருங்க.

அக்கா சொன்ன மிகைத்திருத்தத்துக்கு வேரு பலமா இருக்கு, நன்னூல் சொல்ற பத்துக் குற்றத்துலயே ‘மிகைபடக் கூறல்’ இருக்கே. ஆனா ரெண்டு சிக்கல் அக்கா. மிகைதிருத்தமா மிகைத்திருத்தமான்னு இந்த இழையிலயே ஆளாளுக்கு ஒரு விதமா எழுதிட்டோம். மிகையாகிய திருத்தம்னு விரிச்சா த் வரணும், ஒற்று வேணாம்னா மிகுதிருத்தம்னு வினைத்தொகையா மாத்தணும். ஒற்றுக் கூடிப்போன பிழைக்குப் பேரு வைக்கப் போயி பேருலயே ஒற்றுச் சண்டைன்னா ஊரு சிரிக்கும். அது கூடப் பரவால்ல, பெரிய சிக்கல் பொருள்லதான் இருக்கு: மிகைத்திருத்தம்னு கேட்டதும் எனக்கு என்ன தோணுதுன்னா, ஒரு எடிட்டர் அடுத்தவங்க கதையைப் பக்கம் பக்கமா அடிச்சு நாசம் பண்றது. அது பிழைன்னே சொல்லல, நெறைய திருத்தியிருக்குன்னுதான் சொல்லுது.

மீத்திருத்தம்னு தம்பி சொன்னது மீயுரை (ஹைபர்டெக்ஸ்ட்), மீயிணைப்பு (ஹைபர்லிங்க்) வழியில வந்தது, அந்த யோசனை புரியுது. ஆனா ‘மீ’யைப் பார்த்ததும் மீள், மீண்டும்னுதான் மனசு ஓடும், மறுபடி திருத்துறதுன்னு படிச்சுடுவாங்க. (வலைப்பதிவு காலத்துப் பழைய ஆளுங்களுக்கு, முதல் பின்னூட்டம் போடுறவங்க எழுதுற ‘மீ த பர்ஸ்ட்டு’ வேற ஞாபகம் வந்து தொலைக்கும்.) அதிதிருத்தத்தைப் பத்தி ரொம்பப் பேச வேணாம், ஒரு தடவை வேகமாப் படிச்சுப் பாருங்க, வீட்டுக்கு வந்த அதிதி யாருன்னு கேப்பீங்க.

போலித்திருத்தம் சொன்ன ஐயா இலக்கணத்துல வர்ற போலியை நினைச்சுச் சொல்லியிருக்கார், முதற்போலி, இடைப்போலி, கடைப்போலின்னு நமக்கு அது அழகான சொல். ஆனா செயலியைத் திறக்கிற காலேஜ் பையனுக்குப் போலின்னா போலி டாக்டர், போலி பத்திரம். தமிழை ஒழுங்கா எழுதணும்னு ஆசைப்பட்டு வந்தவன் தலையில ‘போலி’ன்னு முத்திரை குத்துனா அன்னைக்கே அன்இன்ஸ்டால் பண்ணிட்டுப் போயிடுவான்.

அதனாலதான் திருத்தப்பிழை. திருத்தத்தால் வந்த பிழை, அவ்வளவுதான். எழுத்துப்பிழை, அச்சுப்பிழை, தட்டச்சுப்பிழை, சந்திப்பிழை வரிசையில தானா போயி உக்காந்துக்குது, புதுசா யாருக்கும் விளக்க வேண்டியதில்ல, காரணமும் சொல்லுது, பிழைன்னும் சொல்லுது, அதே நேரம் நீ சரி பண்ணத்தான் பார்த்தேங்கிறதையும் ஒத்துக்குது.

> திருத்தப் பிழை என்று பிரித்து எழுதிவிட்டால் ‘திருத்துவதற்கான பிழை’ என்று வராதா?

வரும், பிரிச்சா வரத்தான் செய்யும். சேர்த்தே எழுதணும்னு சொற்பட்டியல்ல ஒரு குறிப்புப் போட்டுடலாம், அச்சுப்பிழையை யாரும் பிரிச்சு எழுதுறதில்லையே.

> எழுதுகிறவர் எதையும் திருத்தவில்லையே, முதல் தடவையே அப்படித்தானே எழுதுகிறார்?

திருத்துறாருங்க, நமக்குத் தெரியாம மனசுக்குள்ள திருத்துறார். வாயில செவுத்துல, கையில சுவற்றில், நடுவுல நடக்குறது திருத்தம் இல்லாம வேற என்ன?

> ஆட்டோகரெக்ட் தானாக மாற்றி வைப்பதும் திருத்தத்தால் வந்த பிழைதானே, அதுவும் இதில் சேருமா?

நல்ல கேள்வி, இதுக்கு என்கிட்ட முழுத் திருப்தியான பதில் இல்ல. கண்டிப்பாப் பிரிக்கணும்னா அதைத் தானியங்கித் திருத்தப்பிழைன்னு நீட்டிக்கலாம். ஆனா ரெண்டும் ஒண்ணோடொண்ணு பின்னித்தான் கிடக்கு, ஒரு தடவை ‘அதற்க்கு’ன்னு அடிச்சுட்டா கீபோர்டு அதைக் கத்துக்கிட்டு அடுத்த தடவை அதையே முன்னாடி நீட்டுது, இணையத்துலருந்து அள்ளுன சொற்பட்டியலா இருந்தா அதுக்குள்ள ஏற்கெனவே பிழையும் கலந்துதான் வரும், அப்புறம் எது ஆள் செஞ்சது, எது கருவி செஞ்சதுன்னு யாரு பிரிக்கிறது.

மொழியியல் கட்டுரை எழுதுறவங்க மிகைத்திருத்தம்னே வச்சுக்கிட்டாலும் எனக்கு ஆட்சேபம் கிடையாது, பாடப்புத்தகத்துல ஒண்ணு செயலியில ஒண்ணுன்னு இருந்துட்டுப் போகட்டும். செயலிக்குள்ள மட்டும் திருத்தப்பிழை இருக்கணும்னு கேக்குறேன். குறிப்பு இப்படி வரலாம்:

திருத்தப்பிழை: அதற்க்கு → அதற்கு. ட், ற் இருந்தால் அடுத்து இன்னொரு ஒற்று வேண்டாம்.

இதுக்கு மேல ஒரு எழுத்துக் கூட வேணாம், நூற்பா எண்ணு, எந்த மெய்க்குப் பின்னாடி எந்த மெய் வரலாம்ங்கிற மெய்ம்மயக்கம் எல்லாம் ‘மேலும்’ பட்டனுக்குப் பின்னாடி போகட்டும்.

கடைசியா, எதை எதை இந்த வகையில சேர்க்கிறதுன்னு முடிவு பண்ணணும். ட்–ற் குடும்பம் மொத்தமும் கண்ணை மூடிக்கிட்டு உள்ள. ‘ஓர்’ உள்ளதான், ஆனா சிவப்பு வேணாம், மஞ்சள் போதும், கவிதை எழுதுறவங்க வந்து சண்டைக்கு நிப்பாங்க. ‘கோர்த்து’வை நான் விட்டுடலாம்ங்கிறேன், இலக்கணப்படி கோத்துதான், ஆனா ‘கைகோத்து’ன்னு எழுதிக் குடுத்தா அதைப் பிழைன்னு நினைச்சு ர் போட்டுத் திருப்பி அனுப்புற நிலைமைக்கு வந்தாச்சு, இனிமே அங்க போயிச் சிவப்புக் கோடு போட்டா நம்ம கருவி மேலதான் சந்தேகப்படுவாங்க. ‘சுவற்றில்’தான் எனக்கு இழுபறியா இருக்கு. ஐயாவும் அக்காவும் அதைப் பத்தி மட்டும் ஒரு வரி போடுங்க, சொற்பட்டியலைப் பூட்டுறதுக்கு முன்னாடி சேர்த்துடுறேன்.