புதுப்பிப்பு: படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவுக்கு வீட்டுப் பராமரிப்பு உதவி (கிடைத்துவிட்டது)

மலேசியா, பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டில், பக்கவாதம் வந்து படுத்துவிட்ட அப்பாவை அம்மா ஒருத்தரே பார்த்துக்கொள்கிறார், அரசாங்க உதவி ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அண்ணன், அக்கா எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "சமூக நல இலாகாவுக்குப் போகும் முன்னே அரசாங்க டாக்டரிடம் உறுதிக் கடிதம் வாங்கிடு தம்பி" என்று ஓர் அக்கா எழுதியதுதான். அந்தக் கடிதத்தை ஜேகேஎம் 18 பாரம் (இலாகாவின் உதவி விண்ணப்பப் பாரம்), ஐ.சி. (அடையாள அட்டை) நகல்களோடு சேர்த்துக் கொடுத்தோம், அப்புறம் அதிகாரி வீட்டுக்கே வந்து பார்த்தார், இப்போது படுக்கை நோயாளி பராமரிப்பு உதவியாக மாதம் 500 ரிங்கிட் வருகிறது.

எதிர்பார்க்காதது ஒன்று. சுகாதார அமைச்சு 2014 முதல் நடத்தும் 'டொமிசிலியாரி' (வீட்டுக்கே வந்து சிகிச்சை தரும்) சேவைக்கு, கிளினிக் டாக்டரே எழுதிக் கொடுத்தார். நர்ஸ் வீட்டுக்கு வந்து புண்ணைக் கழுவிக் கட்டுவதோடு, விரிப்பைப் பிடித்து இழுத்து அப்பாவை எப்படிப் புரட்டுவது, குதிகால் மெத்தையில் அழுந்தாமல் கெண்டைக்காலுக்கு அடியில் எதை மடித்து வைப்பது என்று அம்மாவுக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். என்னைக் கேட்டால் காசைவிட இதுதான் பெரிய உதவி. ஆனால் இது நிரந்தரம் இல்லை, வீட்டு ஆள் பழகியதும் நிறுத்திவிடுவார்கள்.

சிலர் சொன்ன 'பந்து டி ருமா' (வீட்டில் உதவி) திட்டத் தொண்டர்கள் நர்ஸ் இல்லை. பேச்சுத்துணை, கிளினிக்குக் கூட்டிப்போவது, சின்னச் சின்ன வீட்டு வேலை, அவ்வளவுதான். தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அது பொருந்தும், அப்பா நிலைக்குப் போதாது.