கவினின் கொம்பியூட்டர்: குடும்பக் குழுவில் ஒரு வெள்ளி இரவு

குழு: வெள்ளவத்தை வீட்டார்

இரவு 8.12

கவின்: ரமணன் அண்ணா இருக்கிறீங்களா? ஒரு கொம்பியூட்டர் பார்த்து வைத்திருக்கிறேன். நாளைக்குள் சொன்னால்தான் இந்த விலையாம்.

கவின்: (படம்)

கவின்: ஐ7, 16 ஜிபி ரேம், ஆர்.எக்ஸ் 580 8 ஜிபி கிராபிக்ஸ் கார்ட், 750 வாட் பவர் சப்ளை, கலர் லைட் ஃபேன் வைத்த கண்ணாடிக் கேசிங். எல்லாம் சேர்த்து 165,000.

சுகந்தி: ஓ.எல் பரீட்சை முடிந்தால் வாங்கித் தருவேன் என்று வாய்விட்டுவிட்டேன் ராசா. இவனுக்கு இப்போது நித்திரையும் இல்லை, சாப்பாடும் இல்லை. பேஸ்புக்கில் கண்ட கடையாம். நீ ஒருக்கால் பார்த்துச் சொல்லு.

மாமா ஸ்கார்பரோ: ஐ7 என்றால் நல்ல சாமான்தானே? என்னுடைய லாப்டொப் ஐ5. நன்றாகத்தான் ஓடுது.

ரமணன்: மாமா, ஐ7 என்பது இன்டல் பிராசசர்களின் குடும்பப் பெயர் மாதிரி. தாத்தாவுக்கும் அதே பெயர், பேரனுக்கும் அதே பெயர். எத்தனையாம் தலைமுறை என்றுதான் கேட்க வேண்டும்.

ரமணன்: கவின், அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார். அடியில் சின்ன எழுத்தில் 4770 என்று இருக்கிறது. அது 2013இல் வந்தது. நாலு கோர் (உள்ளே வேலை செய்கிற மூளைகள்), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் பார்க்கிற வேலைகள்). 2022இல் வந்த ஐ3-12100எஃப்புக்கும் அதே நாலு, அதே எட்டு. ஆனால் வேகத்தில் அந்த ஐ3 இதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

கவின்: ஜிடிஏ 5 ஓடுகிற வீடியோ போட்டிருக்கிறார்களே அண்ணா.

ரமணன்: ஓடும். அது 2015இல் கொம்பியூட்டருக்கு வந்த கேம். நீ விளையாடப் போவது வாலரண்ட்தானே?

கவின்: ஓம். வகுப்பில் எல்லாரும் அதுதான்.

ரமணன்: அப்போ கேள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ முறையாகப் போடுவதென்றால் இன்டலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். இது நாலாம் தலைமுறை. கடைக்காரர் குறுக்கு வழியில் 11ஐ ஏற்றித் தருவார், அது பெரிய வித்தை இல்லை. ஆனால் விண்டோஸ் 11இல் வாலரண்ட் திறக்க முன் டி.பி.எம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் ஒரு பிழைச் செய்தியைக் காட்டிவிட்டு மூடிவிடும்.

கவின்: 😶

சுகந்தி: அப்போ 165,000 கொடுத்து வாங்கி அந்தப் பிழையையா பார்த்துக்கொண்டு இருப்பது?

ரமணன்: அதுதான் சித்தி. இன்னும் இருக்கு, பொறுங்கோ. கார்ட் பெட்டியின் ஓரத்தில் 2048எஸ்பி என்று போட்டிருக்கிறது. உண்மையான 580இல் 2304 ஷேடர், அதாவது படம் வரைகிற சின்னக் கணிப்பான்கள். 2048 என்பது அதற்குக் கீழே உள்ள 570 கார்டின் கணக்கு. பெயர்தான் 580. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் மைனிங்கைக் கைவிட்ட பிறகு, அதற்காக இரவு பகலாக உழைத்த கார்டுகள் கனக்கச் சந்தைக்கு வந்தன. இதுவும் அப்படியா என்று படத்தை வைத்துச் சொல்ல ஏலாது. ஆனால் விலைச்சீட்டில் "செக்கிங் வாரண்டி ஒரு கிழமை" என்று இருக்கிறதே, வேண்டாம் என்று சொல்ல எனக்கு அது போதும்.

ரமணன்: பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லு.

இரவு 8.41

கவின்: (படம்)

ரமணன்: இங்கே பார். மேலே பெரிய எழுத்தில் 750. கீழே ஒரு சின்னக் கட்டம். அதில் +12வி என்ற இடத்துக்கு நேரே என்ன இருக்கிறது?

கவின்: 22ஏ

ரமணன்: பன்னிரண்டு வோல்ட்டை அந்த இருபத்திரண்டு அம்பியரால் பெருக்கு.

கவின்: 264

ரமணன்: பிராசசரும் கார்டும் கிட்டத்தட்ட முழுக்க அந்த 12 வோல்ட்டில்தான் ஓடும். அப்போ உனக்குப் பிரயோசனமானது 264 வாட். 750 என்பது ஸ்டிக்கர் அடித்தவருடைய ஆசை. இதை அந்தக் கட்டமே சொல்கிறது, நான் சொல்லவில்லை. பவர் சப்ளையில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதே. மற்றது பழுதானால் அதோடு போகும். இது போனால் பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும்.

மாமா ஸ்கார்பரோ: நான் இங்கே கனடாவில் இருந்து நல்ல பவர் சப்ளை ஒன்று அனுப்பவா?

ரமணன்: வேண்டாம் மாமா. நல்லவை அங்கத்தைய 110 வோல்ட்டுக்கும் இங்கத்தைய 230க்கும் தானாகவே பொருந்தும், ஆனால் மலிவானதில் பின்னால் ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். அதை 115இல் விட்டபடி இங்கத்தைய கரண்டில் செருகினால் பட்டாசுதான்.

சுகந்தி: நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு லட்சத்துக்கு மேல் ஒரு சதமும் இல்லை. மொனிட்டரும் அதற்குள்தான்.

கவின்: அம்மா!!

ரமணன்: இரண்டுக்குள் நல்ல கார்டும் சேர்த்து எல்லாம் வாங்குவது கஷ்டம் சித்தி. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கு மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை பறக்கிறது. மெமரி செய்கிற மைக்ரோன் கொம்பனி தன்னுடைய குரூசியல் ரேமைக் கடைகளுக்குக் கொடுப்பதையே நிறுத்தப் போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. அதனால் இரண்டு தவணையாய்ச் செய்வோம். இப்போது கார்ட் இல்லாமல் ஒரு நல்ல மெஷின். கார்ட் பிறகு.

கவின்: கார்ட் இல்லாமல் எப்படி அண்ணா விளையாடுவது?

ரமணன்: ஏ.எம்.டியின் ரைசன் 5 5600ஜி பிராசசர். ஆறு கோர், பன்னிரண்டு திரெட், உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. செட்டிங்கைக் குறைத்து வைத்தால் வாலரண்ட் 1080 திரைத் தெளிவில் தாராளமாக ஓடும். கடையில் அந்த "ஜி"யைப் பார்த்து வாங்கு. வெறும் 5600 என்றால் கார்ட் இல்லாமல் திரை கறுப்புத்தான். இன்டலில் "எஃப்" போட்டதும் அதே கதை.

ரமணன்: வெறும் 5600 கொஞ்சம் வேகம் கூடியது என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், அதில் கேஷ் என்ற உள் மெமரி இரட்டிப்பு. ஆனால் நாளைக்குக் கார்ட் பழுதாகி வாரண்டிக்குப் போனாலும் ஜி வைத்தவனுடைய மெஷின் வேலை செய்யும். உன் நிலைமையில் நான் ஜிதான் எடுப்பேன்.

கவின்: ரேம் 16 ஒன்றா?

ரமணன்: இல்லை, எட்டு எட்டாய் இரண்டு. இதில் கவனம். உள்ளே இருக்கிற கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் கடன் வாங்கும். ஒரே குச்சி போட்டால் பாதி வழியை அடைத்த மாதிரி, கேம் திக்கித் திக்கி ஓடும். 3200 வேகத்தில் எடு. போட்டதும் பயோஸ் என்ற தொடக்க செட்டிங்குக்குள் போய் எக்ஸ்.எம்.பி என்ற ரேம் வேக செட்டிங்கை ஓன் பண்ணு, இல்லையென்றால் அது 2400, 2666 என்று சோம்பலாய்க் கிடக்கும். கடையில் பூட்டித் தந்தாலும் இதைப் பலர் செய்வதில்லை.

ரமணன்: எல்லாவற்றையும் பூட்டுகிற மதர்போர்ட் பி550, நாலு ரேம் இடம் உள்ளதாய். பி450 மலிவு என்றால் ரைசன் 5000 வரிசைக்குப் பயோஸ் புதுப்பித்ததா என்று கேள். ஃபைல் வைக்க எஸ்.எஸ்.டி., வேகமான என்.வி.எம்.இ வகை, 500 ஜிபி. பவர் சப்ளை பெயர் தெரிந்த கொம்பனியில் 550 வாட், 80 பிளஸ் பிரோன்ஸ் தரச்சான்று உள்ளது. கூலர் பிராசசர் பெட்டிக்குள்ளேயே வரும்.

சுகந்தி: மொனிட்டர்?

ரமணன்: அக்காவுடைய பழைய டெல் அலுமாரிக்கு மேலே கிடக்கிறதல்லவா. அதில் விஜிஏ என்ற பழைய கேபிள் துவாரம் மட்டும்தான் இருக்கும். விஜிஏ துவாரம் உள்ள போர்டாய்ப் பார்த்து எடுப்போம். கார்ட் வரும்போது மொனிட்டரையும் மாற்றலாம், புதுக் கார்டுகளில் விஜிஏ கிடையாது.

மாமா ஸ்கார்பரோ: நான் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறேன். கார்ட் என்னுடைய செலவு. எது வேண்டும் என்று எழுதி விடு.

கவின்: மாமாஆஆ ❤️

சுகந்தி: அண்ணா, நீங்கள்தான் இவனைக் கெடுக்கிறது.

ரமணன்: ஆர்.எக்ஸ் 6600, 8 ஜிபி. 132 வாட், ஒரே ஒரு எட்டுப் பின் வயர், அந்த 550 தாராளம். ஆனால் மாமா, அங்கே வாங்கினால் வாரண்டிக்கும் அங்கேதான் அனுப்ப வேண்டி வரும். காசைத் தந்தால் இங்கேயே பில்லோடு எடுக்கலாம்.

மாமா ஸ்கார்பரோ: சரி, அப்படியே செய்வோம். கரண்ட் போனால் என்ன செய்வான்? போன வருஷமோ முந்தின வருஷமோ குரங்கு ஒன்று நாட்டையே இருட்டாக்கினதே.

ரமணன்: 2025 பெப்ரவரி, பாணந்துறை உபமின்நிலையம் 😂 கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்குகிற சின்ன யு.பி.எஸ் ஒன்று அடுத்த சம்பளத்தில் நான் வாங்கித் தருகிறேன். விளையாட அல்ல, சேவ் பண்ணி மூடுவதற்கு.

சுகந்தி: ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அறைக்குள் வைக்க விடமாட்டேன். ஏ.எல் பரீட்சைக்கும் படிக்க வேண்டும்.

கவின்: ஐ.சி.டி., கொம்பியூட்டர் பாடம், எடுக்கிறேன்தானே அம்மா, படிப்புக்கும் இதுதான்.

ரமணன்: ஹோலில் வையுங்கோ சித்தி. ஆனால் கடல் பக்க ஜன்னலடியில் வேண்டாம். உங்கள் வீட்டுக் கிறில் எப்படித் துருப்பிடித்திருக்கிறது? அதே உப்புக் காற்றைத்தான் ஃபேன் உள்ளே இழுக்கும்.

ரமணன்: நாளைக்குப் பத்து மணிக்குப் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா வாசலுக்கு வா. மூன்று நாலு கடையில் விலைச்சீட்டு எடுப்போம், அதற்குப் பிறகுதான் காசு. வற் வரி 18 வீதம் சேர்ந்த விலையா என்று எல்லா இடமும் கேள்.

கவின்: சரி அண்ணா. கேசிங் மட்டும் நான் தெரிவு செய்யலாமா?

ரமணன்: முன்பக்கம் வலை போட்டதாய் இருந்தால் எதுவும் சரி. முன்னால் முழுக் கண்ணாடி என்றால் காற்றுப் போகாது.

கவின்: கலர் லைட்?

ரமணன்: ஃபேனோடு வந்தால் வரட்டும். அதற்கென்று தனியாகக் காசு கொடுக்க விடமாட்டேன்.