சிங்கப்பூர் மரினா பே இரவுப் படம்: வானம் கறுப்பு, ஜன்னல்கள் வெள்ளை, விளிம்புகள் இரட்டை. ஏன்?

ஈசூன் கதிர்:

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் நேராக மெர்லயன் பூங்காவுக்குப் போய், அங்கிருந்து எஸ்பிளனேடுக்குப் போகும் ஜூபிலி பாலத்தின் நடுவில் டிரைபாடை (முக்காலியை) நிறுத்தி, மூன்று கோபுர ஹோட்டலான மரினா பே சேண்ட்ஸைப் படம் எடுத்தேன். அப்போது இரவு 9 மணி. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 400, லென்ஸ் துளை எஃப் 16, ஷட்டர் 30 வினாடி.

கேமராவின் திரையில் நன்றாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் மூன்று கோபுரங்களின் விளிம்புகளும் இரண்டிரண்டு கோடுகளாக இருக்கின்றன. ஜன்னல்கள் வெறும் வெள்ளைக் கட்டங்கள். வானத்தில் ஒன்றுமே இல்லை, முழுக் கறுப்பு. விளக்கே இல்லாத இடங்களில் பச்சைப் புள்ளிகள் வேறு.

ஊரில் அப்பா அம்மா வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்காக 30 அங்குல அகலத்தில் அச்சிட்டு அனுப்ப நினைக்கிறேன். நான் தினமும் பார்க்கும் ஊர் இதுதான் என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும். விலை கூடிய லென்ஸ் வாங்கினால்தான் முடியுமா?

தேக்கா வாசி:

தம்பி, லென்ஸ் வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுப் படத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். உங்களிடம் இருக்கும் கருவியே போதும். போய் நின்ற நேரமும் இடமும்தான் பொருந்தவில்லை.

முதலில் நேரம். 9 மணிக்கு வானத்தில் எடுப்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. இரவுப் படம் என்று நாம் வியந்து பார்க்கிற படங்களில் பெரும்பாலானவை முழு இரவில் எடுத்தவை அல்ல. சூரியன் மறைந்து, வானம் ஆழ்ந்த நீலத்தில் இருக்கும் சிறு இடைவெளியில், அதாவது நீலநேரத்தில் எடுத்தவை. அந்த நேரத்தில் வானத்தின் ஒளியும் ஜன்னல் விளக்குகளின் ஒளியும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வருகின்றன. கேமரா இரண்டையும் ஒரே எக்ஸ்போஷரில் (ஒரே ஒளியளவில்) தாங்கிக்கொள்ளும். அதைத் தவறவிட்டால், வானத்தைக் காட்ட நினைத்தால் ஜன்னல் வெளுக்கும், ஜன்னலைக் காத்தால் வானம் கறுக்கும்.

நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் டிகிரி வடக்கே. சூரியன் இங்கே சாய்ந்து இறங்காமல் ஏறக்குறைய நேராகக் கீழே இறங்குகிறது. அதனால் அந்தி மிகக் குறுகியது. லண்டனில் கோடையில் முக்கால் மணி நேரம் நீளும் அந்தி, நமக்கு இருபது நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு வசதியும் உண்டு: ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது 6.45க்கும் 7.20க்கும் இடையில்தான். மறைந்து பத்து நிமிடம் கழித்துத் தொடங்கி இருபத்தைந்தாவது நிமிடம் வரை எடுத்துக்கொண்டே இருங்கள். அதற்கு அரை மணி முன்பே டிரைபாட் நின்று, ஃபோகஸ் முடிந்து, காட்சி முடிவாகியிருக்க வேண்டும். வானம் நீலமான பிறகு இடம் தேடி ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே மனம் வலிக்கும்.

எந்தத் திசையைப் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். மெர்லயன் பக்கம் நின்றால் கிழக்கே பார்க்கிறீர்கள், சூரியன் முதுகுக்குப் பின்னால். கிழக்கு வானம் முந்தி இருட்டும், ஆகவே சீக்கிரம் தொடங்குங்கள். எதிர்ப்பக்கம், மரினா பே சேண்ட்ஸ் முன்னுள்ள நடைபாதையில் நின்றால், ராஃபிள்ஸ் பிளேஸ் வங்கிக் கோபுரங்களுக்குப் பின்னால் மேற்கு வானம் இன்னும் சிறிது நேரம் செம்மை கலந்து நிற்கும். பெற்றோருக்கு அனுப்பும் படம் என்றால் இந்தப் பக்கத்தைத்தான் சொல்வேன். கப்பல்போல் மேலே தட்டு வைத்த அந்த மூன்று கோபுரங்களை எல்லா அஞ்சலட்டையிலும் பார்த்திருப்பார்கள். உயர்ந்த அலுவலகங்களில் ஒவ்வொரு மாடியாக விளக்கு எரிவதுதான் மக்கள் உழைக்கும் ஊர் என்று சொல்லும். அதற்கு வேலை நாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை பாதி ஜன்னல்கள் இருட்டாக இருக்கும்.

இனி இரட்டைக் கோடு. ஜூபிலி பாலத்தில் ஆட்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் தளம் மெல்ல அதிரும். காலுக்கு அது தெரியாது, 30 வினாடி திறந்திருக்கும் ஷட்டருக்குத் தெரியும். எந்தப் பாலத்தின் மேலும் நிற்காதீர்கள். மரப்பலகை பதித்த நடைபாதையும் அப்படித்தான். கருங்கல்லோ கான்கிரீட்டோ உள்ள தரையைத் தேடுங்கள். டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், காற்றில் ஆடி இழுக்கும். லென்ஸிலுள்ள நடுக்கம் தடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அசையாமல் நிற்கும் கேமராவில் அதுவே அசைவை உண்டாக்கலாம். பொத்தானை விரலால் அழுத்தாமல் 2 வினாடி டைமரை வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சைப் புள்ளிகள், லென்ஸ் முன்னால் பாதுகாப்புக்காகத் திருகியிருக்கும் யுவி ஃபில்டரால் வந்திருக்கும். பலமான விளக்கொளி அந்தத் தட்டைக் கண்ணாடியில் பட்டுத் திரும்பிப் போலி உருவங்களாக விழுகிறது. இரவில் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள்.

எஃப் 16 தேவையில்லை. அவ்வளவு சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் முழுப் படமும் மழுங்கும். உங்கள் கேமராவுக்கு எஃப் 8 நல்லது. ஐஎஸ்ஓ 100. நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள்: தொடக்கத்தில் 1 அல்லது 2 வினாடி, வானம் இருட்ட இருட்ட 4, 8, கடைசியில் 10, 15. படத்தின் அழகை நம்பாதீர்கள், ஒளி அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்; வலது ஓரத்தில் முட்டி நிற்கிறதென்றால் ஜன்னல்கள் போய்விட்டன என்று பொருள். கட்டாயம் ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுங்கள்.

பொங்கோல் தேன்மொழி:

அண்ணன் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் முழு இருட்டில் ஒன்றுமில்லை என்பதை ஏற்க மாட்டேன். நீரில் விழும் வண்ணக் கோடுகள் இருட்டிய பிறகுதான் முழு அழகோடு வரும். நீலநேரத்தில் வானத்தின் ஒளியும் நீரில் கலந்து அவற்றை வெளிறச் செய்துவிடுகிறது. நான் டிரைபாடை அசைக்காமல் இரண்டு நேரத்திலும் எடுத்து, வானத்தை முதல் படத்திலிருந்தும் நீரைப் பிந்தைய படத்திலிருந்தும் சேர்க்கிறேன்.

அச்சு பற்றி: உங்கள் படம் 6000 பிக்சல் அகலம். 30 அங்குலத்துக்கு அங்குலத்துக்கு 200 பிக்சல் வரும். கூடத்துச் சுவரில் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அது தாராளம்.

ஒயிட் பேலன்ஸை (வெள்ளை நிறச் சமநிலையை) தானியங்கியில் விடாதீர்கள், படத்துக்குப் படம் நிறம் மாறும். 3800 கெல்வின் அளவில் வைத்துத் தொடங்குங்கள்.

ஈசூன் கதிர்:

அண்ணன், அக்கா, இருவருக்கும் நன்றி. யுவி ஃபில்டர் உண்மையிலேயே மாட்டித்தான் இருந்தது. இன்னும் இரண்டு கேள்விகள். நீரைக் கண்ணாடிபோல் காட்ட, ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டுமா? தினமும் மாலையில் மேகம் கட்டுகிறது, வானம் தெளியும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டுமா?

தேக்கா வாசி:

தேன்மொழி சொல்வது நீரைப் பொறுத்தவரை சரி. ஆனாலும் இரண்டு நேரத்துப் படங்களை ஒட்டுவதில் எனக்கு மனம் ஒப்பாது. வானம் ஒரு பொழுதும் நீர் இன்னொரு பொழுதுமாக இருக்கும் படத்தை நான் பார்த்த ஊர் என்று சொல்ல என்னால் முடியவில்லை. இது என் பிடிவாதம், உங்கள் விருப்பப்படி செய்யுங்கள்.

என்டி ஃபில்டர் வேண்டாம். 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு இந்த விரிகுடா நன்னீர்த் தேக்கம் ஆகிவிட்டது. கடல் ஏற்ற இறக்கம் உள்ளே வருவதில்லை. காற்று அடங்கிய மாலையில் 8 வினாடியே நீரை மென்மையாக்கிவிடும். சுற்றுலாப் படகு போனால் அலை அடங்கும் வரை பொறுங்கள். சேண்ட்ஸ் முன் நீர்த்தாரைகளோடு 8 மணிக்கும் 9 மணிக்கும் நடக்கும் ஒளிக்காட்சியும் வேண்டுமென்றால் அதற்கு மட்டும் 1 வினாடிக்கு இறங்குங்கள். நீண்ட நேரம் திறந்தால் நீர்த்தாரைகள் வெறும் புகையாகிவிடும்.

மேகத்துக்குப் பயந்து வீட்டில் இருக்காதீர்கள். வானத்தை முழுதாக மூடாமல் திட்டுத்திட்டாக நிற்கும் மேகம்தான் நான் வேண்டுவது. நீலத்தின் மேல் நகர விளக்கு பட்டு அடிப்பகுதி இளஞ்சிவப்பாகும். 15 வினாடியில் அது நகர்ந்து இழுபட்டு வரும். பிற்பகலில் மழை கொட்டி 6 மணிக்கு விட்டால் மிக நல்லது. தூசு அடங்கித் தொலைவிலுள்ள கட்டடமும் துல்லியமாகத் தெரியும், ஈரத்தரையிலும் விளக்குகள் விழும். அந்த மாதிரி நாளில் கேமராவைப் பைக்குள் மூடியபடியே குளிரூட்டிய எம்ஆர்டி ரயிலிலிருந்து வெளியே கொண்டுவந்து இருபது நிமிடமாவது அப்படியே விடுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்று பட்டால் உடனே பனி படியும். துடைக்கத் துடைக்க மறுபடி வரும்.

புதன்கிழமை மாலை மழை விட்டால் நான் சேண்ட்ஸ் நடைபாதைப் பக்கம் 6.30க்கே இருப்பேன். வந்தால் என் டிரைபாடைத் தருகிறேன், கனமானது.