மறு: விலங்குப் படங்களில் ‘அந்தப்புரம்’ – மாற்றுச் சொல்

> ‘ஓரேற்றைத் திரள்’ பொருந்துமா?

ஐயா, வணக்கம். ஓர் ஆணும் பல பெண்களும் சேர்ந்த விலங்குக் கூட்டத்தை ஆங்கிலப் படங்கள் ‘harem’ என்கின்றன. தமிழ் வசனத்தில் அது ‘அந்தப்புரம்’ ஆகிவிடுகிறது. அரண்மனை வாடை இல்லாத மாற்றுச் சொல்லாக நீங்கள் தந்தது ‘ஓரேற்றைத் திரள்’.

சொல் அழகாக இருக்கிறது. ஆனால் தொல்காப்பிய மரபியல் ‘ஏற்றை’ என்பதை ஆற்றல் உடைய ஆணுக்கே தருகிறது. வாசலில் நாம் துரத்திய ராஜா கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடுகிறார்.

நான் முதலில் எழுதியது ‘ஓராண் கூட்டம்’. வடபழனி ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்ததும், “எந்தச் சங்கத்தின் ஓராண்டுக் கூட்டம்?” என்று கேட்டார் ஒலிப்பதிவாளர். ‘ஒற்றையாண்’ என்றால் காதில் குழப்பமில்லை.

பிறகுதான் வேறொன்று உறுத்தியது. ஒற்றை ஆண் உள்ள சாம்பல் மந்திக் கூட்டத்தில் பெண்கள் பிறந்த இடத்திலேயே தங்குகின்றன. ஆண்தான் வெளியிலிருந்து வருகிறது. பின்னொரு நாள் இன்னோர் ஆண் அதைத் துரத்துகிறது. சிங்கத்திலும் தாய், மகள், பெரியம்மா, சித்தி என உறவுக்காரப் பெண்களே நிலையான கூட்டம். குடக்கூலிக்கு வந்தவர் பெயரில் பட்டா எழுதலாமா?

கிண்டி வெளிமானைப் பாருங்கள். ஆண் காப்பது ஒரு துண்டு நிலத்தை. பெண்மான்கள் வரும், மேயும், போகும். அங்கே ‘எல்லைக்கார ஆண்’ என்றால் போதும். பள்ளிக்கரணையில் காணும் நீளவால் இலைக்கோழியில் பெண் பல ஆண்களோடு இணைகிறது. அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது ஆண். அதை ‘ராணியின் அந்தப்புரம்’ என்று எந்த வசனத்திலும் நான் பார்த்ததில்லை.

ஆகவே யார் நிலைத்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு சொல். எத்தனை ஆண் என்பதற்குத் தனி அடைமொழி. ‘பெண்வழிக் கூட்டம்’ என்று தட்டச்சு செய்தேன். உடனே குறளின் 91ஆம் அதிகாரம், ‘பெண்வழிச்சேறல்’, நினைவுக்கு வந்தது. மனைவிக்கு அடங்கிய கணவனைப் பழிக்கும் அதிகாரம்! அந்தப்புரத்தில் தப்பி அதில் போய் விழ வேண்டாம். ‘தாய்வழிக் கூட்டம்’ என்று மாற்றினேன். சிங்கத்துக்கு அதுவே போதும். மந்திக்கு, ஆண் ஒன்றே இருந்தால், ‘ஒற்றையாண் தாய்வழிக் கூட்டம்’. நீளம்தான். உதட்டசைவுக்குப் பொருத்த வேண்டிய கவலை மந்திக்கு இல்லை.

இடையே ஒன்று. ‘சிங்கம் வந்தது’ என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அஃறிணை நமக்குச் சும்மா கொடுத்த நடுநிலை அது. அதை விட்டுவிட்டு ‘காட்டு ராஜா வந்தான்’ என்று எழுதுவானேன்?

வெள்ளிக்கிழமை ஒலிப்பதிவு. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். யானைக் காட்சியில் முன்னே நடக்கும் மூத்த பிடியை யாரோ ‘பாட்டி’ என்று எழுதியிருக்கிறார்கள். அதில் மட்டும் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்புடன்,
வேளச்சேரியிலிருந்து