பரோலோவில் அடிக்கும் தார் வாசனை: பீப்பாயா, திராட்சையா?

வடமலையான்: பரோலோ என்ற இத்தாலியச் சிவப்பு ஒயினின் தார் வாசனை, உள்ளே கருக்கிய மரப் பீப்பாயிலிருந்து இறங்குவதாம், திராட்சைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார், பத்துப் பேர் கைதட்டியும் இருக்கிறார்கள். பரோலோ விளையும் பீட்மான்ட்டில் குடியிருப்பவன் சொல்கிறேன்: சுத்தப் பிதற்றல். பழைய முறைக்காரர்கள் வைத்திருப்பது குரோவேஷியாவின் ஸ்லவோனியா ஓக் மரத்தில் செய்த பெரிய பீப்பாய். ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும். வருடக்கணக்காக உழைத்த மரம். அதில் கருகலும் இல்லை, வெனிலாவும் இல்லை. ஆனால் கோப்பையில் மூக்கை வைத்தால் காய்ந்த ரோஜா, புளிப்புச் செர்ரி, பின்னாலேயே தார். பரோலோவின் திராட்சையான நெப்பியோலோ கொடுக்காமல் வேறு யார் கொடுத்தது?

செல்லூரான்: அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், கூச்சம் வேண்டாம். பரோலோ என்று லேபிள் ஒட்ட 38 மாதம் பழக வேண்டும், அதில் 18 மாதம் மரத்தில். சட்டமே அப்படி. மரம் படாத பரோலோ கிடையாது எனும்போது மரத்துக்குப் பங்கில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அதே திராட்சையில் செய்து, எஃகுத் தொட்டியில் வைத்து இளசாக விற்கும் லாங்கே நெப்பியோலோவைக் குடித்துப் பாருங்கள். ரோஜா உண்டு, செர்ரி உண்டு. தார் எங்கே ஐயா?

வடமலையான்: வயசாகவில்லை, அதனால் வரவில்லை. பழகப் பழக வருவது அது. சரி, அதே குன்றுகளில் பார்பெரா என்ற வேறு திராட்சையும் விளைகிறது. அதன் ஒயினையும் ஓக்கில் வைக்கிறார்கள். பார்பெராவில் தார் அடிக்கிறதா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மலர்க்கொடி: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தார் என்று எதைச் சொல்கிறீர்கள்? புதுச் சாலை வாசனையா, அதிமதுரமா, புகையா? ஆளுக்கொன்றை மனதில் வைத்துக்கொண்டு சண்டை போடுவதுபோல் தெரிகிறது.

வடமலையான்: தார் என்றால் தார். செல்லூரான், பார்பெரா?

கொடிவேரி: நான் வாங்கிய பரோலோ வெளிறிப்போய், ஓரத்தில் செங்கல் நிறமாக இருந்தது. கடைக்காரர் தண்ணீர் கலந்துவிட்டாரோ என்று சந்தேகம். இந்த விலைக்கு இதுவா?

வடமலையான்: நெப்பியோலோவின் நிறமே அப்படித்தான். நிறத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் வாயில் வைத்ததும் தெரிந்துகொள்வார்கள். கடுக்காய் கடித்ததுபோல் ஈறு இறுகும். பரோலோ ஊர்களிலேயே லா மோர்ரா பக்கத்து ஒயின் கொஞ்சம் மென்மை. செர்ரலுங்கா பக்கத்தது முரடு, பத்து வருடமாவது விட்டுவைக்க வேண்டும். மாட்டிறைச்சியை அதே ஒயினில் மெதுவாக வேகவைத்துச் சாப்பிடுவார்கள் இங்கே. சும்மா குடிக்கிற சரக்கு இல்லை இது.

செல்லூரான்: "இங்கே", "இங்கே". பீட்மான்ட் தலைநகர் துரினில் வாடகைக்கு இருந்தால் நாக்குக்குப் பட்டம் கொடுத்துவிடுவார்களா? கியாந்தி என்ற இன்னொரு இத்தாலிய ஒயின் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான். வைக்கோல் சுற்றிய புட்டி என்றாலே மட்டம் என்றீர்கள், ஆதாரம் கேட்டதும் ஒரு மாதம் ஆளைக் காணோம்.

வடமலையான்: அந்த மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அதை இங்கே இழுப்பது ஏன்? வரலாறு தெரியாதவருக்காகச் சொல்கிறேன். 1983ல் பரோலோ தயாரிப்பாளர் எலியோ அல்தாரே தன் அப்பாவின் பழைய பீப்பாய்களை ரம்பம் வைத்து அறுத்தார். அவரைப் போன்றவர்கள் பாரிக் என்ற, உள்ளே கருக்கிய 225 லிட்டர் பிரெஞ்சுச் சிறு பீப்பாய்க்கு மாறினார்கள். பழைய முறைக்காரரான பர்தோலோ மஸ்கரெல்லோ, இத்தாலியப் பிரதமராக இருந்த பெர்லுஸ்கோனியையும் சேர்த்து, "பாரிக்கும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்" என்று லேபிளிலேயே எழுதினார். நீங்கள் முகர்ந்த கருகல் பாரிக் கோஷ்டியுடையது. மஸ்கரெல்லோ புட்டியில் முகர்ந்துவிட்டு வாருங்கள்.

செல்லூரான்: அவர் பீப்பாய் மட்டும் என்ன, மரத்தில் செய்ததில்லையா? பெரிது, பழையது, ஆனாலும் மரம். 18 மாதம்.

வடமலையான்: கருக்காத மரம்!

கொடிவேரி: திறந்து எத்தனை மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும்?

செல்லூரான்: அவரைக் கேளுங்கள், பீட்மான்ட்காரர். எனக்கு நேரமில்லை.

வடமலையான்: நேரமில்லையாம். பார்பெராவுக்குப் பதில் இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே?