நைட்ரேட் கொடுத்தும் என்ஆர்டி2.1 மரபணுவின் செயல்பாடு ஏறவில்லை, பிரைமரை (மரபணுவைப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டை) மாற்ற வேண்டுமா?

கேள்வி:
அரபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு செடி) நாற்றுகளை அரை எம்எஸ் (பாதிச் செறிவில் செடி வளர்ப்பு ஊடகம்) அகாரில் வளர்த்தேன். பிறகு 10 மில்லிமோலார் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் இரண்டு மணி நேரம் வைத்து, முழு நாற்றையும் அரைத்து ஆர்என்ஏ எடுத்தேன். கியூபிசிஆரில் (மரபணு எவ்வளவு செயல்படுகிறது என்று அளக்கும் முறை) பார்த்தால், வெறும் தண்ணீரில் வைத்த நாற்றுகளைவிட என்ஆர்டி2.1 கூடவே இல்லை, ஒரு தட்டில் குறைந்துகூட இருக்கிறது. ஒப்பீட்டு மரபணுவான ஆக்டின் ஒழுங்காக வருகிறது, உருகு வளைவிலும் ஒரே முகடுதான், அதாவது வேறெதுவும் சேர்ந்து பெருகவில்லை. யாராவது வழி சொல்லுங்கள், இதிலேயே நிற்கிறேன்.

பதில்:
பிரைமரை விடுங்கள், ஊடகத்தைப் பாருங்கள். அரை எம்எஸ்ஸிலேயே சுமார் 20 மில்லிமோலார் நைட்ரேட்டும் 10 மில்லிமோலார் அம்மோனியமும் இருக்கின்றன, சாப்பிட்டு எழுந்தவரிடம் மறுபடி இலை போட்டால் எப்படி? என்ஆர்டி2.1 வெளியே நைட்ரேட் மைக்ரோமோலார் அளவில் இருக்கும்போது அதை இழுக்கும் கடத்தி. நைட்ரேட்தான் அதைத் தூண்டும், ஆனால் உள்ளே குளுட்டமின் போன்ற நைட்ரஜன் சேர்மங்கள் சேர்ந்துவிட்டால் அடங்கிப்போகும்.

எனவே 2.5 மில்லிமோலார் அம்மோனியம் சக்சினேட் மட்டுமே நைட்ரஜனாக உள்ள ஊடகத்தில் வளருங்கள். அம்மோனியத்தை எடுக்கும்போது வேர் புரோட்டானை வெளியே விடும், ஊடகம் அமிலமாகிவிடும், அதனால் எம்இஎஸ் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் தாங்கல் பொருள்) போட்டு பிஎச் 5.7-இல் பிடித்துவையுங்கள். ஒப்பீட்டுக்குத் தண்ணீர் வேண்டாம், 10 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு வையுங்கள், இல்லையென்றால் பொட்டாசியத்தின் விளைவா நைட்ரேட்டின் விளைவா என்று பிரிக்கவே முடியாது. அப்புறம் வேரைத் தனியாக வெட்டி எடுங்கள், இந்த மரபணு பெரும்பாலும் வேரில்தான் வேலை செய்கிறது, முழு நாற்றில் அது நீர்த்துப்போகும்.

கேட்டவர்:
நன்றி அக்கா. எங்கள் ஆய்வகத்தில் சிஎச்எல்1 மரபணு பழுதான பிறழ்வு விதை இருக்கிறது, அதையும் சேர்க்கலாமா?

பதில்:
தாராளமாக. 1993-இல் குளோரேட்டைத் தாங்கும் செடிகளை வைத்துக் கண்டுபிடித்த அதே நைட்ரேட் கடத்தி மரபணுதான், இப்போது என்ஆர்டி1.1 என்கிறோம். குளோரேட்டும் நைட்ரேட்டின் வழியிலேயே உள்ளே போகும், நைட்ரேட் ரிடக்டேஸ் நொதி அதைக் குளோரைட்டாக்கும், செடி வெளுத்துவிடும். கடத்தி பழுதானால் குளோரேட் குறைவாகவே நுழையும்.

இந்தப் புரதத்தில் எனக்குப் பிடித்ததே, 101-ஆவது அமினோ அமிலமான திரியோனினில் சிஐபிகே23 என்ற நொதி பாஸ்பேட்டை ஒட்டினால் குறைந்த நைட்ரேட்டையும் பிடிக்கும், ஒட்டாவிட்டால் அதிக நைட்ரேட்டுக்கு ஏற்ற கடத்தி. அதோடு நைட்ரேட்டை உணர்வதும் இதுவே, ஆகவே பிறழ்வில் என்ஆர்டி2.1-இன் ஏற்றம் மங்கலாக வர வேண்டும். காட்டு வகையில் (பிறழ்வில்லாத செடியில்) ஏறியதை உறுதிசெய்ய, நைட்ரேட்டுக்கு ஏறும் இன்னொரு மரபணுவான என்ஐஏ1-ஐயும் சேர்த்து ஓட்டுங்கள், 30 நிமிட மாதிரியும் ஒன்று எடுங்கள்.